பெயர் போடாத வரிகள்

நூறு புத்தகங்களில் ஏழு. அமெரிக்க நாடாளுமன்றத்துக்காக 1960-இல் எழுதப்பட்ட ஓர் ஆய்வறிக்கையில் இந்தக் கணக்கு வருகிறது. அப்போது அந்த நாட்டில் நடப்பில் இருந்தது 1909-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம். புத்தகம் வெளியானதிலிருந்து 28 ஆண்டு உரிமை. இருபத்தெட்டாவது ஆண்டில் விண்ணப்பம் எழுதிச் சிறு கட்டணம் கட்டினால் மேலும் 28 ஆண்டு. கட்டாமல் விட்டால் புத்தகம் ஊர்ப்பொது, யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். அப்படி விண்ணப்பித்தவர்கள் எவ்வளவு பேர் என்று பதிவேடுகளைப் புரட்டினால், பாட்டு, படம், வரைபடம் எல்லாம் சேர்த்து நூற்றுக்குச் சுமார் பதினைந்து. புத்தகங்களை மட்டும் தனியே எடுத்தால் ஏழு.

மிச்சம் தொண்ணூற்று மூன்று புத்தகங்களின் சொந்தக்காரர்கள் ஏன் வரவில்லை? இதற்கு இரண்டு பதில்கள் உண்டு, இரண்டும் உண்மை. பெரும்பாலான புத்தகங்கள் இருபத்தெட்டு ஆண்டுகளுக்குள் விற்றுத் தீர்ந்திருக்கும், அல்லது மறந்துபோயிருக்கும். காசு கட்டிக் காப்பாற்ற அதில் ஒன்றும் மிச்சமிருக்காது. ஆனால் வேறு சிலர் வராததற்குக் காரணம், வரவேண்டும் என்று அவர்களிடம் யாரும் சொல்லாததுதான். எழுதியவர் இறந்திருப்பார். மனைவிக்கு விவரம் தெரிந்திருக்காது. தெரிந்து ஓடிவருவதற்குள் கெடு கடந்திருக்கும். கெடு கடந்தால் சட்டம் மன்னிக்காது. ஆக, ஒரே விதி யாருக்கும் வேண்டாத சொத்தைப் பொதுவில் சேர்த்தது. விவரமறியாதவர்களின் சொத்தையும் கூடவே பறித்துக்கொண்டது.

ஃபிராங்க் காப்ரா 1946-இல் எடுத்த ‘இட்ஸ் எ ஒண்டர்ஃபுல் லைஃப்’ என்ற படம் வந்தபோது வசூல் சுமார்தான். 1974-இல் அதன் உரிமையைப் புதுப்பிக்க வேண்டியவர்கள் புதுப்பிக்கவில்லை. காசு கொடுக்க வேண்டியதில்லை என்று தெரிந்ததும் தொலைக்காட்சி நிலையங்கள் அதைக் கிறிஸ்துமஸ் தோறும் போட்டுத் தள்ளின. போட்டுப் போட்டே அது அந்த நாட்டின் கிறிஸ்துமஸ் படமாகிவிட்டது. உரிமை போனதால் உயிர் பிழைத்த படம் அது. (1990-களில் மூலக்கதை, இசை ஆகியவற்றின் உரிமையைப் பிடித்துக்கொண்டு ஒரு நிறுவனம் படத்தை மறுபடி வேலிக்குள் கொண்டுவந்துவிட்டது. அது தனிக் கதை.)

அந்த 1960 அறிக்கையை எழுதியவர் பார்பரா ரிங்கர். அப்போது அவருக்கு ஏறக்குறைய முப்பத்தைந்து வயது. கொலம்பியா சட்டக் கல்லூரியில் பெண்களை விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய காலத்தில் படித்து, 1949-இல் பட்டம் வாங்கிய கையோடு வாஷிங்டனில் உள்ள பதிப்புரிமை அலுவலகத்தில் சேர்ந்தவர். காங்கிரஸ் நூலகத்தின் ஒரு பிரிவு அந்த அலுவலகம். வருகிற விண்ணப்பங்களைச் சரிபார்த்துப் பதிவுசெய்யும் கீழ்நிலை வேலைதான் அவருக்கு முதலில் கிடைத்தது. சட்டம் படித்தவர்கள் பொதுவாக அங்கே சில ஆண்டுகள் இருந்து அனுபவம் சேர்த்துக்கொண்டு, பிறகு பதிப்பகங்களுக்கோ படக் கம்பெனிகளுக்கோ போய்விடலாம். அவர் போகவில்லை.

வக்கீல் என்றால் கட்சிக்காரர் வேண்டும். கட்சிக்காரர் சொல்வதைக் கேட்டு, அவருக்குச் சாதகமானதை எடுத்து, பாதகமானதை ஒதுக்கி வாதாடுவதுதான் தொழில். எந்தப் பக்கம் நிற்பது என்ற குழப்பம் கிடையாது. பணம் கொடுத்தவர் பக்கம். பதிப்புரிமைக் கொள்கையை வகுக்கும் வக்கீலின் நிலைமை வேறு. அவரிடம் கட்சிக்காரர் யாரும் வருவதில்லை. வருகிறவர்கள் எல்லோருமே எதிர்க்கட்சிக்காரர்கள், அதாவது ஒருவருக்கொருவர் எதிர்க்கட்சி. பதிப்பாளர் வருவார், பாட்டெழுதுபவர் வருவார், இசைத்தட்டுக் கம்பெனிக்காரர் வருவார். வானொலி நிலையம், படத் தயாரிப்பாளர், நூலகர், பள்ளி ஆசிரியர் என்று வரிசை நீளும். ஒவ்வொருவரும் நாட்டின் நலனுக்காகப் பேசுவதாகத்தான் சொல்வார்கள். அவர்கள் சொல்வதையெல்லாம் குறித்துக்கொண்டு, யாரும் எழுந்து போய்விடாதபடி ஒரு வாக்கியத்தை அமைக்க வேண்டும். நீதிமன்றத்தில் வென்றவர் தோற்றவர் என்று ஒரு நாள் தீர்ப்பு வரும். இங்கே தீர்ப்பு வருவதில்லை, அடுத்த வரைவு வரும்.

1909 சட்டத்தை மாற்ற வேண்டும் என்று நாடாளுமன்றம் ஆய்வுக்குப் பணம் ஒதுக்கியது 1955-இல். ரிங்கருக்கு முப்பது வயது. புதுச் சட்டத்தில் அதிபர் ஜெரால்டு ஃபோர்டு கையெழுத்திட்டது 1976 அக்டோபர் 19. அப்போது ரிங்கருக்கு ஐம்பத்தொன்று. மனித வாழ்வில் வேலை செய்யத் திராணியுள்ள பகுதி முழுவதும் ஒரே ஆவணத்தில் போயிற்று.

ஏன் இவ்வளவு காலம்? சட்டம் எழுதி முடிப்பதற்குள் உலகம் நகர்ந்துவிடுகிறது என்பதுதான் காரணம். ஜூக்பாக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1909-இல் காசு போட்டால் பாடும் இயந்திரம் கடைவீதி வேடிக்கை. அதற்கெல்லாம் பாட்டுக்காரருக்குப் பணம் தர வேண்டாம் என்று விலக்குக் கொடுத்துவிட்டார்கள். சில பத்தாண்டுகளில் அமெரிக்காவின் மதுக்கடைகளிலும் உணவகங்களிலும் பாட்டு கேட்பதென்றால் அந்தப் பெட்டிதான் என்றாகிவிட்டது. அதன் முதலாளிகள் விலக்கை விடுவார்களா? பல்லாண்டு இழுபறிக்குப் பிறகு 1976 சட்டத்தில் பெட்டி ஒன்றுக்கு ஆண்டுக்கு எட்டு டாலர் என்று முடிந்தது. எட்டு டாலர்! ஒரு தலைமுறையின் வாதப் பிரதிவாதங்கள் அந்த எண்ணுக்குள் அடங்கிக் கிடக்கின்றன.

அடுத்தது ஜெராக்ஸ். 1959-இல் சந்தைக்கு வந்த அந்த இயந்திரத்தை, ஆய்வு தொடங்கியபோது யாரும் கணக்கில் வைத்திருக்க முடியாது. மருத்துவ இதழ்களை வெளியிட்டுவந்த வில்லியம்ஸ் அண்ட் வில்கின்ஸ் என்ற பதிப்பகம், ஆய்வாளர்களுக்குக் கட்டுரைகளைப் படியெடுத்துக் கொடுத்த தேசிய மருத்துவ நூலகத்தின் செயலுக்காக அரசாங்கத்தின் மேலேயே வழக்குப் போட்டது. உச்ச நீதிமன்றத்தில் 1975-இல் நான்குக்கு நான்கு என்று சமமாகப் பிரிந்து, விடையில்லாமலே வழக்கு முடிந்தது. கேபிள் டிவி விவகாரம் இன்னும் மோசம். வானில் வரும் நிகழ்ச்சியைக் கம்பி வழியே வீட்டுக்குக் கொடுப்பது உரிமை மீறலாகாது என்று 1968-இலும் 1974-இலும் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கீழவை 1967-லேயே பெரும்பான்மையோடு நிறைவேற்றி அனுப்பிய மசோதா, பெரும்பாலும் இந்தக் கம்பியில் சிக்கியே செனட்டில் ஆண்டுக்கணக்கில் கிடந்தது. இதோ வரப்போகிறது புதுச் சட்டம், அதற்குள் பழைய உரிமைகள் முடிந்துபோகக் கூடாது என்று, காலாவதியாக இருந்தவற்றை நாடாளுமன்றம் ஒன்பது முறை நீட்டித்தது. தற்காலிகம் என்ற பெயரில்தான்.

இந்தக் கூட்டங்களின் குறிப்புகளும் சாட்சியங்களும் பெரிய பெரிய தொகுதிகளாக அச்சாகியிருக்கின்றன. சட்டப் பேராசிரியை ஜெசிகா லிட்மன் 1980-களில் அவற்றைத் தோண்டிப் பார்த்து ஒரு விஷயத்தை எடுத்துக்காட்டினார். சட்டத்தின் பல பிரிவுகள் நாடாளுமன்ற உறுப்பினர்கள் யோசித்து எழுதியவை அல்ல. சம்பந்தப்பட்ட தொழில்கள் தங்களுக்குள் பேரம் பேசி முடித்துக் கொண்டுவந்த ஒப்பந்தங்கள். பேரத்துக்கு வந்தவருக்குப் பங்கு கிடைத்தது. வராதவருக்கு, வந்தவர்கள் போனால் போகட்டும் என்று விட்டது கிடைத்தது. வராதவர் யார்? காசு கொடுத்துப் புத்தகம் வாங்குபவர். நூலகத்தில் உட்கார்ந்து படிப்பவர். கேட்ட பாட்டிலிருந்து இன்னொரு பாட்டு கட்டப்போகிற, இன்னும் பிறக்காத ஒருவர். வாசகர்களுக்குச் சங்கம் கிடையாது. வாஷிங்டனில் அவர்களுக்காக அறை எடுத்துத் தங்கி வாதாட யாரையும் அவர்கள் அனுப்பவில்லை.

இப்படிப்பட்ட அறைகளில் இருபது ஆண்டு உட்கார்ந்திருந்த ரிங்கருக்கு வேறோர் அறையிலும் யார் இல்லை என்று கவனிக்கும் கண் இருந்தது. அவர் வேலை பார்த்த நூலகத்தில் கறுப்பின ஊழியர்கள் கீழ்ப்படிகளிலேயே தேங்கிக் கிடந்தார்கள். அவர்களுடைய பதவி உயர்வுக்காக அவர் பேசினார். 1971-இல் பதிப்புரிமைப் பதிவாளர் பதவி காலியானபோது, எல்லாத் தகுதியும் இருந்தும் பதவி இன்னொருவருக்குப் போயிற்று. பெண் என்பதாலும், கறுப்பின ஊழியர்களுக்காகக் குரல் கொடுத்ததாலும் தான் ஒதுக்கப்பட்டதாக அவர் முறையிட்டார். விசாரணை அதிகாரி அவர் பக்கம் நியாயம் இருப்பதாகச் சொல்லியும் நூலகம் இறங்கிவரவில்லை. விஷயம் வாஷிங்டன் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போனது. இடையில் அவர் பாரிசுக்குப் போய் யுனெஸ்கோவின் பதிப்புரிமைப் பிரிவுக்குத் தலைமை ஏற்றிருந்தார். 1973-இல் வந்த தீர்ப்பு, அந்த நியமனத்தில் நூலகம் தன் சொந்த விதிமுறைகளையே மீறியிருக்கிறது என்றது. அதே ஆண்டு நவம்பரில் அவர் பதிவாளரானார். அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண்.

இந்த வழக்கைத் துணிச்சல் கதையாகச் சொல்வதுதான் வழக்கம். எனக்கு அதில் பிடித்தது வேறு. பெரிய கோஷம் எதையும் முன்வைத்து அவர் வெல்லவில்லை. நீங்கள் எழுதிவைத்த விதி இது, இதன்படி நீங்கள் நடக்கவில்லை என்று காட்டினார், அவ்வளவுதான். விதி எழுதுவதையே பிழைப்பாகக் கொண்டவருக்கு அதன் அருமை தெரியும். அதிகாரம் இல்லாதவர் கையில் இருக்கும் ஒரே ஆயுதம், அதிகாரத்தில் இருப்பவர் என்றோ எழுதி மறந்த ஒரு வரி.

நாடுகளின் மேசையிலும் இதே காட்சிதான். 1967-இல் ஸ்டாக்ஹோம் நகரில், பல நாடுகளுக்குப் பொதுவான பதிப்புரிமை ஒப்பந்தமாகிய பெர்ன் உடன்படிக்கையைத் திருத்தக் கூடினார்கள். புதிதாக விடுதலை பெற்ற நாடுகள், குறிப்பாக இந்தியாவும் ஆப்பிரிக்க நாடுகளும், பாடப்புத்தகங்களை மொழிபெயர்க்கவும் மலிவாக அச்சிடவும் வழி கேட்டன. மேற்கத்தியப் பதிப்பாளர்கள் கொதித்துப்போனார்கள், கொள்ளை என்றார்கள். அமெரிக்காவின் பழைய கதை அவர்களுக்கு மறந்திருக்க வேண்டும். 1891 வரை வெளிநாட்டு எழுத்தாளனுக்கு அந்த நாடு சல்லிக்காசு உரிமை கொடுத்ததில்லை. 1842-இல் அங்கே சுற்றுப்பயணம் போன சார்லஸ் டிக்கன்ஸ் இதைப்பற்றிப் பேசியதற்காகவே பத்திரிகைகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். அதற்குப் பிறகும், ஆங்கிலப் புத்தகம் அமெரிக்க மண்ணிலேயே அச்சாகியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையை ஏதோ ஒரு வடிவில் 1986 வரை விடாமல் வைத்திருந்தார்கள். பெர்ன் உடன்படிக்கையில் அமெரிக்கா சேர்ந்ததே 1989-இல்தான். ரிங்கர் 1968-இல் எழுதிய கட்டுரை ஒன்றில், இரண்டாம் உலகப்போர் வரைக்கும் தன் நாடு இந்த விஷயத்தில் நடந்துகொண்டது குறுகிய பார்வையும் சுயலாபமும்தான் என்று ஒளிக்காமல் எழுதினார். அரசாங்கச் சம்பளம் வாங்கிக்கொண்டு இப்படி எழுதுவதற்கு வாஷிங்டனிலும் நெஞ்சுரம் வேண்டும். ஸ்டாக்ஹோமில் ஒப்புக்கொண்டது நிலைக்கவில்லை. 1971-இல் பாரிசில் வேறொரு சமரசம் எழுதினார்கள். ஆண்டுக் கணக்கும் அறிவிப்பும் விண்ணப்பமுமாக அது அவ்வளவு சிக்கல். பெரும்பாலான ஏழை நாடுகள் அதன் பக்கமே போகவில்லை. வராதவருக்கு இடம் ஒதுக்கிவிட்டு, அந்த இடத்துக்குப் போகும் வழியை அடைப்பதும் ஒரு கலைதான்.

1976 சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் 203-ஆம் பிரிவு. எழுத்தாளரோ பாடகரோ தன் உரிமையை ஒருவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டால், முப்பத்தைந்து ஆண்டு கழித்து அதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். என்ன எழுதிக் கொடுத்திருந்தாலும், ஒருபோதும் திரும்பக் கேட்கமாட்டேன் என்று சத்தியம் செய்து கையெழுத்திட்டிருந்தாலும், அந்தக் கையெழுத்து செல்லாது. ஒப்பந்தத்தைக் கடவுளாக வணங்கும் நாட்டில் இப்படியொரு பிரிவு! அதன் பின்னால் இருப்பது ஓர் எளிய அறிதல். இருபது வயதில் முதல் படைப்போடு வந்து நிற்பவருக்கு அதன் மதிப்பு தெரியாது. எதிரே உட்கார்ந்திருப்பவருக்கும் முழுதாகத் தெரியாதுதான், ஆனால் அவர் காத்திருக்கலாம், இவரால் முடியாது. ஜெரி சீகலும் ஜோ ஷஸ்டரும் 1938-இல் சூப்பர்மேனை 130 டாலருக்கு எழுதிக் கொடுத்தார்கள். கையெழுத்துப் போட்டபோது அவர்கள் அறையில்தான் இருந்தார்கள். ஆனால் பிற்காலத்தில் அந்தப் பாத்திரத்தின் பேரும் புகழும் என்னவாகும் என்று அறிந்த சீகலும் ஷஸ்டரும் அந்த அறையில் இல்லை. 203-ஆம் பிரிவு, இனிமேல் வரும் இளைஞர்களின் பின்னாளைய சுயத்துக்கு ஒரு நாற்காலி போட்டது. சட்டம் நடப்புக்கு வந்தது 1978-இல் என்பதால் முதல் கதவு 2013-இல் திறந்தது. வில்லேஜ் பீப்பிள் குழுவின் பாடகர் விக்டர் வில்லிஸ் ‘ஒய்.எம்.சி.ஏ.’ உள்ளிட்ட பாட்டுகளில் தன் பங்கை முன்கூட்டியே திரும்பக் கேட்டபோது, கேட்கும் உரிமை அவருக்கு உண்டு என்று 2012-இல் நீதிமன்றம் சொன்னது. ஓட்டையும் இல்லாமல் இல்லை: சம்பளத்துக்கு வேலையாகச் செய்த படைப்புகளுக்கு இது கிடையாது. எது சம்பள வேலை, எது சொந்தப் படைப்பு என்பதில்தான் கம்பெனிகள் இன்றுவரை மல்லுக்கட்டுகின்றன.

அந்த ஓட்டை நமக்குப் புதிதல்ல. 1977-இல் இந்திய உச்ச நீதிமன்றம், பணம் வாங்கிக்கொண்டு படத்துக்காகப் போட்ட மெட்டுக்கும் எழுதிய பாட்டுக்கும் முதல் உரிமையாளர் தயாரிப்பாளரே என்று தீர்த்தது. தீர்ப்போடு ஒத்துப்போன நீதிபதி வி.ஆர். கிருஷ்ண ஐயர், இசைக் கலைஞர்களின் நிலையைச் சட்டமியற்றுகிறவர்கள் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று தனியே ஒரு குறிப்பும் எழுதிவைத்தார். திரும்பிப் பார்க்க 2012 ஆயிற்று. அந்த ஆண்டுத் திருத்தத்தில்தான், பாட்டெழுதியவரும் இசையமைத்தவரும் தங்கள் சமபங்கு ராயல்டியை எழுதிக் கொடுக்க நினைத்தாலும் கொடுக்க முடியாது என்று விதி வந்தது. ஜாவேத் அக்தர் மாநிலங்களவையில் அதற்காக வாதாடினார். 1977-லிருந்து 2012, எண்ணிப் பார்த்தால் இங்கேயும் முப்பத்தைந்து ஆண்டு. தற்செயல்தான். கோடம்பாக்கத்தில் பாட்டெழுதிச் சம்பளத்தை மட்டும் வாங்கிக்கொண்டு போன எத்தனையோ பேர் அதற்குள் இறந்துவிட்டார்கள்.

இனி குறை சொல்ல வேண்டிய இடம். புதுச் சட்டம் புதுப்பித்தல் என்ற பொறியை ஒழித்தது. விண்ணப்பம் வேண்டாம், கெடு வேண்டாம். எழுதிய கணத்திலேயே உரிமை பிறக்கும், எழுதியவர் இறந்து ஐம்பது ஆண்டு வரை நிலைக்கும். கெடு தவறிய விதவைகளுக்கு இது நியாயம். ஆனால் யாருக்கும் வேண்டாத, யாரும் கேட்காத அந்தப் பெருந்தொகைப் புத்தகங்களும் இதே கதவுக்குள் மாட்டிக்கொண்டன. உரிமையாளர் யாரென்றே தெரியாது. தெரியாததால் அனுமதி கேட்க முடியாது. கேட்க முடியாததால் மறுபதிப்பு வராது. அநாதைப் படைப்புகள் என்று அவற்றுக்குப் பெயரே வந்துவிட்டது. அதே பதிப்புரிமை அலுவலகம் 2006-இல் அவற்றைப்பற்றி ஓர் அறிக்கை எழுத நேர்ந்தது. சொந்தக்காரரே கைவிட்டதை உலகம் எடுத்துக்கொள்ள முடியாமல் செய்தது, என் கணிப்பில், அந்தச் சட்டத்தின் பெரிய பிழை. தன் அறிக்கையின் கணக்கு ரிங்கருக்குத் தெரியாததல்ல. விவரமறியாத ஆசிரியரா, வராத வாசகரா என்று வந்தபோது ஆசிரியர் பக்கம் தட்டு சாய்ந்தது.

பின்னால் வந்தவர்கள் சாய்வையும் தாண்டிப் போனார்கள். 1998-இல் இன்னும் இருபது ஆண்டு கூட்டினார்கள், ஏற்கெனவே எழுதி முடித்து, எழுதியவர்கள் செத்தும் போயிருந்த படைப்புகளுக்கும் சேர்த்து. செத்தவர் இனிமேல் எழுதப்போவதில்லை; அவருக்கு ஊக்கம் கொடுத்து என்ன ஆகப்போகிறது? 2003-இல் உச்ச நீதிமன்றமும் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் அதைச் சரி என்றது. 1923-இல் வெளியான புத்தகங்கள் 2019 ஜனவரி 1-ஆம் தேதிதான் பொதுவுக்கு வந்தன. நம் பக்கம் காலண்டரை நம்பிக் காத்திருக்காமல், 1949-இல் பாரதியின் எழுத்துகளைச் சென்னை மாகாண அரசு வாங்கிப் பொதுவாக்க முன்வந்தது. நாட்டுடைமை என்ற அந்த வழக்கம் இன்றும் தொடர்கிறது. வாரிசுக்குப் பணம், வாசகருக்குப் புத்தகம். குறைகள் உண்டு, யாரை எடுப்பது யாரை விடுவது என்பதில் அரசியலும் உண்டு. இருந்தாலும் உரிமைக்கு ஒரு முடிவு உண்டு என்பதைத் தமிழ் வாசகருக்கு யாரும் வகுப்பெடுத்து விளக்க வேண்டியதில்லை.

ரிங்கர் 1980-இல் ஓய்வு பெற்றார். இணையம் மெல்லத் தலைகாட்டிய 1993-இல் சில மாதங்கள் தற்காலிகப் பதிவாளராகத் திரும்பி வந்தார். 2009-இல் இறந்தார். அமெரிக்காவில் 1978-க்குப் பிறகு எழுதப்பட்ட ஒவ்வொரு நாவலும், பாட்டும், கணினி நிரலும், காதல் கடிதமும் யாருடையது என்பதை அவரும் அவருடைய சகாக்களும் எழுதிய வாக்கியங்கள்தான் தீர்மானிக்கின்றன. அந்த வாக்கியங்கள் யாருடையவை?

யாருடையவையும் அல்ல. அதே சட்டத்தின் 105-ஆம் பிரிவு, அமெரிக்க அரசு ஊழியர் தன் பணியில் எழுதியதற்குப் பதிப்புரிமை கிடையாது என்கிறது. எல்லோருக்கும் உரிமை வகுத்தவர் தன் எழுத்துக்கு எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. இதைத் தியாகம் என்று சொல்லிப் பூமாலை போட எனக்கு விருப்பமில்லை. அவருக்குச் சம்பளம் வந்தது. அதைவிட ஆழமான ஏதோ ஒன்று இங்கே இருக்கிறது. 1834-இலேயே அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தன் முன் வந்த முதல் பெரிய பதிப்புரிமை வழக்கில் இதைத் தொட்டது. ஹென்றி வீட்டன் தான் தொகுத்த தீர்ப்புத் திரட்டுகளை ரிச்சர்டு பீட்டர்ஸ் சுருக்கி வெளியிட்டதாக வழக்குப் போட்டார். நீதிபதிகள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள்: நாங்கள் எழுதிய தீர்ப்பின் மீது எந்தத் தொகுப்பாசிரியருக்கும் உரிமை இருக்க முடியாது. மக்களைக் கட்டுப்படுத்தும் சொல் மக்களிடமிருந்து பூட்டிவைக்கக்கூடிய சொல்லாக இருக்க முடியாதல்லவா? எழுத்து யாருக்குச் சொந்தம் என்று வரையறுக்கும் எழுத்து, தானே சொந்தமாகிவிட்டால் வேலை செய்யாது. உடைமையின் வேர் உடைமை இல்லாத மண்ணில்தான் இறங்கியிருக்கிறது. அந்த மண்ணில் வேலை செய்கிறவருக்குக் கட்சிக்காரர் இல்லாமல் போனது விபத்தல்ல என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. அவருடைய கட்சிக்காரர் அந்த அறைக்கு வரவே முடியாதவர்: தன் மதிப்பை இன்னும் அறியாத இளைஞர், இன்னும் பிறக்காத வாசகர், இன்னும் கண்டுபிடிக்கப்படாத இயந்திரத்தின் முன்னால் உட்காரப்போகிறவர். அவர்களுக்காகப் பேச முடியாது, ஏனென்றால் அவர்கள் என்ன கேட்பார்கள் என்று தெரியாது. செய்யக்கூடியது ஒன்றுதான், வாக்கியத்தில் அவர்களுக்கு இடம் விட்டு எழுதுவது.

1976 சட்டத்தில் அப்படி இடம் விட்ட பிரிவு 107. ஒருவர் எழுத்தை இன்னொருவர் அனுமதியில்லாமல் எடுத்தாளுவது எப்போது நியாயம் என்பதை அது வரையறுக்கவில்லை. நான்கு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள் என்று மட்டும் சொல்கிறது. எதற்காக எடுத்தார்? எப்படிப்பட்ட படைப்பிலிருந்து எடுத்தார்? எவ்வளவு எடுத்தார்? எடுத்ததால் மூலத்தின் சந்தை என்ன ஆயிற்று? தொழில்நுட்பம் வேகமாக மாறும் காலத்தில் இதை உறையவைக்க விரும்பவில்லை என்று கீழவைக் குழுவின் அறிக்கையும் சொன்னது. உறுதியான விடை கேட்ட பதிப்பாளர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் இது எரிச்சல்தான். கேள்விகளும் புதியவை அல்ல. 1841-இல் ஜார்ஜ் வாஷிங்டனின் கடிதங்களைப் பன்னிரண்டு தொகுதிகளாகப் பதிப்பித்தவரிடமிருந்து 353 பக்கங்களை எடுத்து இன்னொருவர் இரண்டு தொகுதி வாழ்க்கை வரலாறு எழுத, அந்த வழக்கில் நீதிபதி ஜோசப் ஸ்டோரி தன் தீர்ப்பில் யோசித்துக் கேட்டவற்றின் வழிவந்தவை. எடுத்தவர் அன்று தோற்றார், கேள்விகள் நின்றன. நூற்று முப்பத்தைந்து ஆண்டு கழித்து அவற்றைச் சட்டத்தில் சேர்த்தவர்கள் ஸ்டோரியின் வாரிசுகளைத் தேடிப்போக வேண்டியிருக்கவில்லை.

இப்போது செயற்கை நுண்ணறிவு நிறுவனங்கள் லட்சக்கணக்கான புத்தகங்களை இயந்திரத்துக்கு ஊட்டியதற்காக எழுத்தாளர்கள் போட்ட வழக்குகள் அமெரிக்க நீதிமன்றங்களில் நடந்துகொண்டிருக்கின்றன. தன் எழுத்து திருடுபோனது என்கிறவரின் வக்கீலும், படிப்பது திருட்டாகாது என்கிற நிறுவனத்தின் வக்கீலும், மனுவின் நடுப்பகுதிக்கு வந்ததும் 107-ஆம் பிரிவின் அந்த நான்கு வரிகளை ஓர் எழுத்தும் மாறாமல் எடுத்தெழுதுகிறார்கள். நீதிபதியும் தீர்ப்பில் எடுத்தெழுதுகிறார். யாரும் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை.